கொடி தைத்தவர் போட்ட ஒப்பு

1

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த கடிதம் ஒன்றில் என் மகள் ஷீலாவை வெளி மாநிலத்தவள் என்று எழுதியிருந்தார்கள். அவள் படிக்கும் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அவள் இன்ஜினீயரிங் படிக்க விண்ணப்பித்த பல்கலைக்கழகமும் இதே பென்சில்வேனியா மாநிலத்துடையதுதான். தினமும் காலையில் எங்கள் வாசல் பனியை அள்ளிப் போடுவதும் இந்த மாநிலத்து மண்ணில்தான். ஆனாலும் அவள் வெளியாள்.

விஷயம் இதுதான். போன ஆகஸ்ட் வரை நாங்கள் நியூஜெர்சியில் இருந்தோம். பதினாறு வருஷம். என் ஆபீஸ், மாநில எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. நாங்களும் பாத்திர பண்டங்களைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தோம். பாலத்தில் ஏறி இறங்கினால் பழைய வீட்டுக்கு இருபது நிமிஷம். இங்கே பன்னிரண்டு மாதம் குடியிருந்தால்தான் இந்த மாநிலத்தார் என்று கணக்கு. எங்களுக்கு ஆனது ஏழு. சரி, அந்தப் பக்கமாவது நம்மைச் சொந்தம் கொண்டாடுவார்கள் என்று விசாரித்தால், நீங்கள்தான் போய்விட்டீர்களே என்கிறார்கள். இரண்டு கரையும் கையை விரித்துவிட்டன.

பள்ளிக்கூடத்தில் கல்லூரி விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒளிக்காமல் சொன்னார். ஷீலாவின் மதிப்பெண்ணுக்கு, உள்ளூர் ஆளாக இருந்தால் கவலையே வேண்டாம். வெளி மாநிலம் என்று வந்துவிட்டால் இன்ஜினீயரிங்கில் இடம் குறைவு, சொல்ல முடியாது. கட்டணமும் கூடும், ஆனால் ஷீலாவுக்கு அது ஏறவில்லை. 'சொல்ல முடியாது' மட்டும்தான் ஏறியது. எட்டாம் வகுப்பிலிருந்து பாலம் கட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெண். காரிலேயே அழுது முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தாள்.

என் மனைவி சுகந்தி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். "வீடு மாறும்போதே இதையெல்லாம் யோசிச்சிருக்கணும். உங்களுக்கு எப்பவும் எல்லாம் பிறகுதான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா இது என்று இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். நான் என்ன செய்ய? முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பாறசாலையில் நானும் இதே மாதிரி இரண்டு மாநிலத்துக்கும் வெளியாளாக நின்றவன்.

2

ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிதாங்கூரின் தென்பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவும் அந்தக் கோரிக்கையில் இருந்தது. பாறசாலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்த என் அப்பா ஞானாபரணம், அந்தப் போராட்டத்தை நடத்திய கட்சிக்கு மூன்று வருஷம் கொடி தைத்தார். பள்ளிக்கூடச் சட்டையும் கல்யாணக் கோட்டும் தைக்கிற அதே மெஷினில்தான் கொடியும் தைத்தார். மேடையேறிப் பேச அவருக்கு வராது. ஊர்வலத்தில் யார் கையில் கொடி இருந்தாலும் ஓரத்தை மடித்துப் பார்த்து, "இது எனக்க தையலாக்கும்" என்பார். ஐம்பத்துநாலில் விளவங்கோடு பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தபோது கடையைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குள் கொடித் துணியை மடியில் வைத்துக்கொண்டு கையாலேயே தைத்தார்.

நான் நாகர்கோவிலில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். கோஷம் போடுவதில் வகுப்பில் எனக்குத்தான் முதலிடம். படிப்பிலும் மோசமில்லை.

ஐம்பத்தாறு நவம்பரில் கோடு போட்டார்கள். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் எல்லாம் மதராஸ் மாநிலத்துக்குப் போயின. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லையாகிவிட்ட களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கொண்டாடி வெடி போட்டார்கள். சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அப்பா அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை.

இதில் எனக்கென்று தனியாக ஒரு சிக்கல் காத்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதன்படி நான் பிறந்தது அம்மா ஊரான படந்தாலுமூட்டில். ஞானஸ்நானம் பெற்றதும் அந்தச் சபையில்தான். என் பெயர் இருக்கிற ஒரே பதிவேடு அங்கே இருந்தது. என் தங்கை இரண்டாவது பிரசவம், ஆகவே பாறசாலை வீட்டிலேயே பிறந்தாள். கோடு விழுந்ததும் படந்தாலுமூடு மதராஸ் ஆனது, பாறசாலை கேரளம் ஆனது. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிடுகிற அண்ணன் ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம்.

மதராஸில் இன்ஜினீயரிங் படிக்க விண்ணப்பம் கேட்டு எழுதினேன். மாநிலத்தில் குடியிருப்பதற்கு அத்தாட்சி வேண்டும், இல்லாவிட்டால் வெளி மாநிலத்தார் கணக்கு, அதில் இடம் மிகச் சிலது என்று பதில் வந்தது. திருவனந்தபுரத்துக்கு எழுதினால், பிறப்பு வேறு மாநிலமாக இருப்பதால், தகப்பனார் கேரளத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று அவரே தாலுக்கு ஆபீசில் எழுதிக் கையொப்பமிட்டுச் சான்று வாங்கித் தர வேண்டும் என்றார்கள். கொடி தைத்த ஞானாபரணம், தான் கேரளத்துக்காரன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அப்படிக் கிடைக்கிற ஒரு காலேஜ் சீட்டு எனக்கு வேண்டியும் இருக்கவில்லை.

3

இங்கே ஷீலா இரண்டு நாளில் ஒரு வழி கண்டுபிடித்தாள். நியூஜெர்சியில் அவளுடைய சிநேகிதியின் அம்மா நல்ல மனுஷி. ஷீலா தங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள் என்று ஒரு கடிதம் தரச் சம்மதித்துவிட்டாராம். அங்கே உள்ள கல்லூரிக்கு அதைக் காட்டலாம்.

"அப்பா, வீக்கெண்ட் அங்க தூங்கறேன்தானே? இட்ஸ் நாட் ரியலி எ லை" என்றாள். ஷீலாவுக்குத் தமிழ் பாதி வாக்கியம் வரை வரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். பொய்யென்று வருகிறபோது அனேகமாக ஆங்கிலம்தான்.

இன்னொரு வழியும் இருந்தது. வேலை மாற்றத்தால் குடிவந்தவர்கள் பன்னிரண்டு மாதம் ஆகாவிட்டாலும் மனுச் செய்யலாம். அந்தப் படிவத்தை வரவழைத்தேன். நாலு பக்கம். வரி எங்கே கட்டுகிறாய், கார் லைசென்ஸ் எந்த மாநிலத்தது, ஓட்டுப் பதிவு எங்கே. சுகந்தி வந்த மாதமே லைசென்ஸை மாற்றிவிட்டாள். நான் இன்னும் பழைய நியூஜெர்சி லைசென்ஸை வைத்திருக்கிறேன். ஓட்டு எனக்கு எங்கேயும் கிடையாது. இருபத்தேழு வருஷமாக இந்த நாட்டில் இருந்தும் பிரஜை ஆகவில்லை. 'நேட்டிவ் பிளேஸ்' எழுத ஒரு கட்டம் இருக்கும் என்று தேடினேன். ஆபீசுக்கு போன் செய்து கேட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாக, அப்படி ஒன்றை நாங்கள் கேட்பதில்லையே சார் என்றாள்.

நாலாம் பக்கத்தின் அடியில் பெற்றோர் கையொப்பமிட ஒரு வாக்கியம் இருந்தது. இந்த மாநிலத்தை என் நிரந்தரமான வீடாகக் கொண்டிருக்கிறேன், இங்கேயே இருக்க எண்ணுகிறேன், வேறு எங்கும் திரும்பிப்போகும் எண்ணம் இல்லை.

மூன்று பக்கத்தையும் நிரப்பிவிட்டு அங்கே பேனாவை மூடி வைத்துவிட்டேன். ரிட்டயர் ஆனதும் ஊருக்கு வந்துவிடுவேன் என்று வருஷா வருஷம் அப்பாவிடம் சொல்லி வருகிறவன் நான். பாறசாலையில் வீடு கட்ட எட்டு சென்ட் வாங்கிப் போட்டிருக்கிறேன். அதில் என் தங்கை மரச்சீனிக் கிழங்கு நட்டிருக்கிறாள்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஃபார்ம்" என்றாள் ஷீலா.

ஃபார்ம்தான். படிவம் தயாராகாமல் ஒரு வாரம் மேஜையிலேயே கிடந்தது. ஷீலா சாப்பிட உட்காரும்போது அதை மட்டும் ஒரு ஓரமாக நகர்த்தி வைப்பாள்.

4

ஐம்பத்தேழில் எனக்கு வழி கண்டுபிடித்தவர் அம்மாவின் தம்பி தங்கையன் மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகப் படந்தாலுமூட்டிலிருந்து சைக்கிளில் வந்தார். அம்மா மீன் குழம்பு விளம்பிக்கொண்டிருந்தாள். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அத்தான், எழுதிக் கொண்டு வந்திருக்கேன். பய எனக்க வீட்டில பிறந்தவன், எனக்க வீட்டிலதான் தாமசம்னு. நீங்க ஒரு ஒப்பு போட்டா போதும், மீதிய நான் பாத்துக்கிடுகேன். அவன் மதராஸ்காரன் ஆயிருவான்."

நான் மாமா வீட்டில் குடியிருப்பதாகக் காட்டுவது எனக்கும் மாமாவுக்கும் முன்பே பேசி வைத்த காரியம். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

அப்பா காகிதத்தைக் கையால் தொடவில்லை. குனிந்து வாசித்தார். "பிறந்தது உள்ளது. தாமசம்?"

"லீவுக்கு வாறான்லா."

"லீவுக்கு வந்து மாங்கா தின்னுட்டுப் போறதுக்கு தாமசம்னா பேரு, தங்கையா?"

"நீ முதல்ல சோறு உண்ணு" என்று அம்மா தம்பியைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு இது எங்கே போகும் என்று தெரிந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, ஒப்பு போடுங்க. கேரளத்துக்காரன்னு எழுதிக் குடுத்து வாற சீட்டு எனக்கு வேண்டாம்."

"எலே மக்கா, நீ எந்த ஊருகாரன்?"

"பாறசாலை."

"பாறசாலை தமிழனுக்க ஊருன்னு சொல்லித்தான் நான் மூணு வருஷம் கொடி தைச்சேன். இப்போ எனக்க மகனே பாறசாலைக்காரன் இல்லன்னு எழுதிக் குடுத்தா, பின்ன அந்தக் கொடிக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

"தோத்தாச்சுல்லா, பின்ன என்ன கொடி?"

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "தோத்தது உள்ளதுதான். அதுக்காக வீட்டைத் தூக்கிட்டு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போவ முடியுமா? நான் நாளைக்கு நெய்யாற்றின்கரைக்குப் போறேன். இவனும் வரட்டு."

மாமா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்பா பயந்துவிட்டார், மாறிவிட்டார், மகனுக்கு ஒரு சீட்டு என்றதும் கட்சியைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. பதினெட்டு வயசில் அதற்கு மேல் என்ன படும்?

5

தாலுக்கு ஆபீசில் அன்றைக்கு நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தபோது மேஜையில் இருந்த கிளார்க்கு, ஐம்பது வயது இருக்கும், அப்பாவை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஞானாபரணம் டெய்லரல்லே? கொடி தைச்ச ஆளு?"

"அதே. ஆள் ஞான் தன்னே" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் யாருக்கும் எந்தப் பாஷைக்கும் மாற ஒரு நொடி போதும். ஆனாலும் அப்பா மலையாளத்தில் பதில் சொன்னது அன்றைக்கு எனக்கு முள்ளாகக் குத்தியது. நான் ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளார்க்கு கேலி செய்வார், இரண்டு மூன்று தடவை நடக்க வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்தால் அப்பாவுக்கு நல்ல பாடம் என்றுகூட நினைத்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. கிராம ஆபீசான பகுதி ஆபீசிலிருந்து கொண்டுபோன கடிதத்தைப் பார்த்தார், ஒரு தாள் எடுத்து மணி மணியாக எழுதினார், எழுதியதை நிதானமாக வாசித்துக் காட்டினார். அதில் ஒரு வரி இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஞான் கேரள ஸம்ஸ்தானத்தில் ஸ்திர தாமசக்காரனாணு. கேரள மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவன்.

அப்பா பேனாவை வாங்கினார். அளவெடுத்து வெட்டுகிறவர் கத்தரிக்கோலைத் துணியில் வைக்கும் முன் ஒரு கணம் நிறுத்துவாரே, அப்படி நிறுத்தினார். பிறகு போட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். மலையாள எழுத்து நிறைந்த தாளின் அடியில் 'ஆ. ஞானாபரணம்' என்று தமிழில் கையொப்பம்.

கிளார்க்கும் பார்த்தார். "ஒப்பு தமிழிலாணல்லோ."

"கை படிச்சது அதாக்கும், சாரே."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். என் சீட்டு மொத்தமும் அந்த ஒரு நிமிஷத்தில் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், அப்போது மட்டும் ஜன்னலை விட்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்.

"ஒப்பு ஆளின்றேயாணு. ஏது பாஷயிலும் ஆவாம்" என்றார். கையொப்பம் ஆளுடையது, எந்த மொழியிலும் இருக்கலாம். முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அன்றைக்கு எனக்கு மனமில்லை. நான் இன்றைக்குச் சாப்பிடுகிற சோற்றில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாயாக்கடையில் அப்பா இரண்டு சாயாவும் ரசவடையும் சொன்னார். நான் வேண்டாம் என்று வெளியிலேயே நின்றேன். அவர் ரசவடையைக் காகிதத்தில் பொதிந்து தங்கைக்கென்று பையில் வைத்துக்கொண்டு, இரண்டு சாயாவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தார்.

6

சீட்டு கிடைத்தது. திருவனந்தபுரத்தில் ஐந்து வருஷம் படித்தேன். முதல் வருஷம் முறைத்துக்கொண்டே திரிந்த என்னை, விடுதி அறையில் என்னோடு இருந்த திருச்சூர்ப் பையன்தான் மனுஷனாக்கினான். கணக்கு எனக்கு வரும், டிராயிங் வராது. அவன் என் கையைப் பிடித்து வரையச் சொல்லிக் கொடுத்தான். மலையாளத்தில் திட்டினான், மலையாளத்திலேயே சோறு வாங்கித் தந்தான். வெறுப்பை வைத்துக் காப்பாற்ற எனக்கு இடமே கொடுக்கவில்லை.

ஊரில் நடந்தது வேறு. நான் கல்லூரியில் சேர்ந்த மாதம் கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, தைக்கக் கொடுத்திருந்த சட்டைத் துணியை வெட்டும் முன்பே திருப்பி வாங்கிக்கொண்டு போனார். நான் அப்போது கடையில் இருந்தேன். அப்பா துணியை அழகாக மடித்து, நூல் தும்பைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வரவில்லை. உனக்கு இது வேணும் என்று அன்று நான் மனசுக்குள் சொன்னேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

எனக்கு வேலை கிடைத்தபோதும், விமானம் ஏறியபோதும், இந்த நாடு என்னை வா என்று கூப்பிட்டு உட்காரவைத்தபோதும், எல்லாருக்கும் நன்றி சொன்னேன். பேராசிரியர்களுக்குச் சொன்னேன், விடுதி நண்பனுக்குச் சொன்னேன், முதல் குளிர்காலத்தில் கோட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டுக் கிழவருக்குச் சொன்னேன். ஒரே ஒருவருக்குச் சொல்லவில்லை.

7

படிவம் மேஜையில் கிடந்த எட்டாம் நாள், ஷீலாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "நீ எந்த வீட்டில் தூங்கி எழுந்திருக்கிறாயோ அதைத்தான் எழுத முடியும். அந்தக் கடிதம் வேண்டாம் மக்கா. இதைப் போடுவோம்."

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்காது. அப்போது பார்ப்போம்."

அவளுக்குப் பயம்தான். எனக்கும்தான். ஆனாலும் சிநேகிதிக்கு போன் செய்து, கடிதம் வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

நான் கையொப்பமிட்டேன். இங்கேயே இருக்க எண்ணுகிறேன், திரும்பிப்போகும் எண்ணம் இல்லை. போட்டபிறகுதான் அது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது. ஊருக்கு வந்துவிடுவேன் என்று இத்தனை வருஷம் சொல்லி வந்ததுதான் உண்மையாக இல்லை. மறுநாள் போய்க் கார் லைசென்ஸையும் மாற்றினேன். சுகந்தி காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்தாள்.

நேற்று வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஷீலா உள் மாநிலத்தவள். இன்ஜினீயரிங்கில் இடமும் உண்டு. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். பிறகு வந்து என்னைக் கட்டிப்பிடித்து "தேங்க்யூ அப்பா" என்றாள். அவளுக்கு அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகவில்லை.

இன்று காலை காப்பி குடித்த கையோடு பாறசாலைக்கு போன் செய்தேன். அங்கே சாயங்காலம். அப்பாவுக்கு எண்பத்தொன்று. தங்கை வீட்டில் இருக்கிறார். இடது காது கேட்காது. தங்கை ரிசீவரை வலது காதில் வைத்துக் கொடுத்தாள்.

"அப்பா, ஷீலாவுக்கு சீட்டு கிட்டிச்சு. இன்ஜினீயரிங்."

"கிட்டிச்சா? நல்லது. கொச்சுமோள் நல்லா இருக்கட்டு."

"அப்பா, அன்னைக்கு நெய்யாற்றின்கரையில எனக்காக ஒப்பு போட்டீங்கல்லா?"

"அதுக்கு இப்போ என்ன?"

"அதுக்கு நான் இதுவரைக்கும் ஒரு நன்றி சொல்லல்ல."

கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நீ சாயாகூட குடிக்கல்லியே" என்றார் அப்பா. "ரெண்டும் நான்தான் குடிச்சேன்."

மீதியையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. "அப்பா, இங்க நானும் ஒரு ஒப்பு போட வேண்டி வந்துச்சு. இங்கதான் இருப்பேன், திரும்பி வரமாட்டேன்னு எழுதின தாள்ல. போட்டுட்டேன்."

இந்தத் தடவை அவருக்கு நன்றாகக் கேட்டது என்று தெரிந்தது. பின்னால் தங்கை யாரையோ கூப்பிடும் சத்தம், ஒரு பஸ்ஸின் ஹாரன்.

"எந்த பாஷையில போட்ட?"

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. பாங்கில், ஆபீசில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் போட்டுப் பழகிய கை.

"இங்கிலீஷ்ல, அப்பா."

"சாரமில்ல மக்கா, அது பரவாயில்ல" என்றார். "தமிழில நான் ஒண்ணு போட்டிருக்கேன்லா. ரெண்டு பேருக்கும் அது போதும் ஆக்கும்."